அத்தையின் மேஸ்திரி

என்னைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கும்வரை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறீர்களே, அப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? "ஒன்றுமில்லை" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பதிலைச் சின்ன வயதிலேயே கேட்டுச் சலித்தவள் நான். ஒன்றுமில்லை என்று சொன்ன யாருடைய தலையும் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது ஓசூரில், ஓர் அவரைக்காய்க் காலத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்தோ இருக்கும். எங்கள் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாங்கள் பேட்டை ஓரத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குழாய், குழாயடியில் எப்போதும் ஒரு சண்டை. அப்பா ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் நின்றார். அப்பாவின் தங்கை, என் அத்தை, ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பேட்டை அன்றைக்கு முக்கால்வாசி வெறும் தரை. நீங்கள் இன்றைக்குப் பார்க்கிற நெரிசலை வைத்து அதைக் கற்பனை செய்ய முடியாது. நல்ல தார் ரோடு போட்டிருப்பார்கள், ரோட்டோரம் மின்கம்பம் நிற்கும், இரண்டு பக்கமும் எதுவும் இருக்காது. எண் எழுதிய கற்களும் புல்லும்தான். பனி விலகியதும் மாடுகள் நடு ரோட்டில் வந்து படுத்து வெயில் காயும். வண்டி வந்தால் எழுந்திருக்குமா என்று யாரும் கவலைப்படவில்லை, வண்டியே வராது.

அவரைக்காய்க் காலம் என்றால் எங்கள் பக்கம் பிதுக்கம் பருப்புக் காலம். காயை உரித்து, கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுவார்கள். காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோல் விரலில் நின்றுவிடும், பருப்பு வழுக்கிக்கொண்டு போய்ப் பாத்திரத்தில் விழும். ஒரு குழம்புக்குக் கால் படி வேண்டும் என்றாலே பாதிப் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெயிலில் வட்டமாக உட்கார்ந்து பிதுக்குவார்கள். விரல் நுனி ஊறிச் சுருங்கிப் போகும். அந்தப் பச்சை வாசனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா அவ்வப்போது விரலை முகர்ந்து பார்த்து, "சொகடு சென்னாகிதே", வாசனை நன்றாக இருக்கிறது, என்று கண்ணை மூடிக்கொள்வாள். அந்த வாசனைக்குச் சொகடு என்ற பெயரை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் கொஞ்ச நேரம் பேச்சு நடக்கும். பிறகு ஒவ்வொருவராக அடங்கிவிடுவார்கள். கை மட்டும் ஓடும், முகம் எங்கேயோ போய்விடும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை. இத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் யாருமே இங்கே இல்லையே, எங்கே போயிருக்கிறார்கள்? திடீரென்று ஒருத்தியின் தோளைத் தட்டி, "இப்ப என்ன நெனச்சிகினு இருந்தீங்க?" என்று கேட்பதை ஒரு தொழிலாகவே ஆக்கிக்கொண்டேன்.

அம்மா, "நாளைக்கி என்ன கொழம்பு வெக்கறதுன்னு" என்றாள். பொய். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காவேரிப்பட்டினத்தில் மாமா வீட்டு விசேஷத்தில் மாமி அவளைச் சரியாக வரவேற்கவில்லை. அந்தச் சண்டையை அம்மா மனதுக்குள் விடாமல் நடத்திக்கொண்டிருந்தாள். மாமி பேசுவதையும் அவளே பேசுவாள், ஆகவே ஒருமுறைகூடத் தோற்றதில்லை. வீட்டுக்கார அம்மா, யார் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று யோசிப்பதாக ஒளிக்காமல் சொன்னாள். கன்னடக்கார அக்கா வெட்கப்பட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலம்தான், நானும் விட்டுவிட்டேன்.

அப்பாவையும் விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"மழை வந்துடுமோன்னு பாக்கறேன். பூவுல மழை பேஞ்சா அவரை கெட்டுப்பூடும்."

"நம்மகிட்டத்தான் நெலமே இல்லையேப்பா. எந்த அவரை?"

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "போய்ப் படி போ" என்றார்.

அத்தையிடம் கேட்டபோதுதான் உருப்படியான பதில் கிடைத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "தெரு போட்டுகினு இருக்கேன்" என்றாள்.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பாதி ரோடு நடந்ததும் நின்றாள். காலி இடத்தைக் கை காட்டி, இது பெரிய தெரு என்றாள். இங்கே ஒரு மருந்துக் கடை, பக்கத்தில் தையல் கடை, இந்த மூலையில் பொம்பளைகளுக்குத் தனியாகக் கக்கூசு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், உள்ளேயே குழாய். ஷிப்ட் விட்டு வருகிற பெண்கள் நிற்க மேற்கூரை போட்ட பஸ் ஸ்டாப். நான் குறுக்கே நடக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது வீடுடி. சுத்திகினு வா."

சுற்றிக்கொண்டு போனேன். வெறும் புல்தரையில் ஒரு வீட்டைச் சுற்றி நடந்தேன் என்று சொன்னால் உங்கள் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் எங்கே முடிகிறது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

அந்த ஊரைக் கட்டுவதற்கு அவளிடம் ஒரு மேஸ்திரி இருந்தார், அவரும் மனதுக்குள்தான். குள்ளமான ஆள், காதில் பென்சில், தோளில் துண்டு. எதைச் சொன்னாலும் முதலில் "ஆவாதும்மா" என்பார். தெருக்கோடியில் குழாய் வைக்கலாம் என்றால், தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, ஆவாதும்மா. சாக்கடையைக் கிழக்கே திருப்பலாம் என்றால், தண்ணீர் ஓடுகிற அளவுக்குச் சரிவு இல்லை, வாட்டம் பத்தாது, ஆவாதும்மா. அந்த வாரம் முழுக்க இருவருக்கும் சாக்கடையில்தான் வழக்கு.

"அந்த ஆளு வேணாம் அத்தை. வேற மேஸ்திரி வெச்சிக்கோ" என்றேன்.

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற ஆள வெச்சிகினு என்னாடி பண்றது? அப்பறம் இஷ்டத்துக்குக் கட்டிகினே போவலாம், மழை வந்தா எல்லார் ஊட்லயும் தண்ணி பூந்துக்கும்."

ஸ்பிரிங் கம்பெனியில் நாள் முழுக்க அவளுக்கு ஒரே வேலை. ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அளவுக் குழாயில் விட வேண்டும், நுழைந்தால் இந்தப் பெட்டி, நுழையாவிட்டால் அந்தப் பெட்டி. கண்ணும் கையும் அங்கே இருந்தால் போதும். மீதி அவளுடையது. கேன்டீனில் மற்ற பெண்கள் சினிமா பேசும்போது இவள் வாட்டம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது யோசித்தால் இன்னொன்று தெரிகிறது. அவள் தெரு போட்ட இடத்தில் ஒரு பகுதி எங்கள் பழைய நிலம். அப்பா அங்கே இன்னும் அவரைக்கு மழை வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அதே தரையில் மருந்துக் கடை வைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாததால் எல்லைத் தகராறு வரவில்லை. பிறகு வேறு தகராறு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிதுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை தனக்குள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "மேஸ்திரி ஒத்துக்கணுமே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கார அம்மாவின் கை நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை யாரையும் பார்க்கவில்லை.

இதில் கெட்ட நேரம் என்னவென்றால், லைன் வீட்டுக்கு எதிரே அப்போது பம்ப் ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிஜமாகவே ஒரு மேஸ்திரி இருந்தார். குப்பம் பக்கத்துத் தெலுங்குக்காரர், நெட்டையான ஆள், யாரிடமும் பேச மாட்டார். அத்தை தினமும் மாலையில் வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்ப்பாள் என்பது இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அவள் பார்த்தது அவருக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை. அந்த மனிதர் பாவம், குறுக்கே நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அத்தையை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பர்கூரில் ஒரு மாப்பிள்ளை, குவாரி ஆபீசில் வேலை, ஏற்கெனவே ஒருமுறை கேட்டு அனுப்பியிருந்தார்கள். அத்தை இப்போது வேண்டாம் என்றதால் தள்ளிப்போயிருந்தது. அப்பா அவர்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அத்தைக்கு அந்த மாப்பிள்ளைமேல் ஒரு குறையும் இல்லை. வேலையை விடத்தான் அவளுக்கு மனமில்லை. ஸ்பிரிங் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். அவளுக்கு நினைப்பதற்கு இருந்த இடமே அந்தக் கம்பெனிதான்.

அவள் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னாள். நான் கூடவே இருந்தேன்.

"அண்ணா, நான் தெரு போட்டுகினு இருந்தேன். மனசுல. அந்த மேஸ்திரியும் மனசுலதான். நெஜ ஆளு இல்ல."

"என்னா தெரு?"

"நம்ம காலி எடத்துல. சாக்கடைக்கி வாட்டம் பத்தலைன்னு..."

அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏம்மா, பொய் சொல்றதுன்னாலும் நம்பற மாதிரி சொல்லக் கூடாதா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வயசுப் பொண்ணு சாக்கடைய நெனச்சிகினா சிரிக்கும்?"

"நெஜம்தாம்மா. எனக்குக் காட்டுச்சு. அந்த ஊட்டச் சுத்திகினு கூட வந்தேன்" என்றேன் நான். சின்னப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு கட்டுக்கதை விடுகிறாள் என்று அத்தைக்குத்தான் இன்னும் இரண்டு திட்டு விழுந்தது.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாக இறங்கவில்லை. மாமியோடு மனதில் நாள் முழுக்கச் சண்டை போடுகிற அம்மா, இல்லாத அவரைக்கு மழையைப் பார்க்கிற அப்பா. இவர்கள் இருவருக்கும் ஒரு பெண் மனதில் ஒரு தெரு இருக்கும் என்று மட்டும் நம்ப முடியவில்லை. ஓர் ஆண் இருந்தால் நம்ப முடிந்தது. திட்டவும் வசதியாக இருந்தது.

அப்பா பம்ப் ஹவுசுக்குப் போய்ச் சத்தம் போட்டார். கான்ட்ராக்டர் பயந்துபோய் அந்த மனிதரைச் சூளகிரிப் பக்கம் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார். கிளம்புகிற அன்று குழாயடியில் என்னைப் பார்த்ததும் நின்றார். கையில் மட்டப்பலகையும் ஒரு துணி மூட்டையும் இருந்தன.

"பாப்பா, நேனு ஏம் சேசானு? நான் என்னா பண்ணேன்? உங்க அத்தை யாருன்னே எனக்குத் தெரியாதே."

நீங்கள் அந்தப் பக்கம் நிற்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது ஆறுதலா?

அதன்பிறகு அத்தை பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அப்பா நிஜத்தில் கெட்டவர் இல்லை. தங்கையைத் தூக்கி வளர்த்தவர். வாசலில் உட்கார்ந்து அவளிடம் கெஞ்சுவார். "நடந்தத ஒத்துக்கோ. இனிமே நெனக்க மாட்டேன்னு சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். பர்கூர்க்காரங்களையும் தள்ளிப் போடறேன். நீ வேலைக்கே போ. எங்கிட்ட பொய் சொல்றியே, அதத்தான் என்னால தாங்க முடியல."

மேஸ்திரி ஊரில் இருந்தவரைக்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாவமும் அறியாத ஆள்மேல் பழி விழும் என்றாள். அவர் சூளகிரிக்குப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "ஆமாண்ணா. மேஸ்திரியத்தான் நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

அப்பா முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. பாரம் இறங்கின மாதிரி பெருமூச்சு விட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?" என்றாள். லைன் கோடியில் இருந்த மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தை கற்பூரத்தைக் கொளுத்தி, இனிமேல் மேஸ்திரியை நினைக்க மாட்டேன் என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அணைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குச் சாமி என்றால் பயம், சத்தியத்தை மீற மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பர்கூர்க்காரர்கள் சில வருஷம் கழித்துத் திரும்ப வந்தார்கள், அவளும் சரி என்றாள். நான் மட்டும் அவளிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரி இல்லாமல் அந்த வேலை அப்படியே நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்கு அவளைப் பார்க்கப் பர்கூர் போயிருந்தேன். அப்பாவும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அத்தையின் வீட்டுக்காரரும் இல்லை. அவளுக்குக் காது மந்தம், நடை கொஞ்சம் தள்ளாட்டம். மகன் பெரிய டிவி ஒன்றை அவள் முன்னால் மாட்டியிருக்கிறான். "எந்நேரமும் சும்மாவே உக்காந்திருக்காங்க. மனசுக்கு ஏதாச்சும் வேலை குடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு" என்றான். அவன் கடைக்குப் போனதும் நான் டிவியை நிறுத்தினேன். இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஊரு என்னா ஆச்சு அத்தை?"

அவள் சிரித்தாள். "பெருசாயிடுச்சு. ஆஸ்பத்திரி வந்துடுச்சு."

"மேஸ்திரி?"

"கற்பூரம் அடிச்ச அன்னிக்கே நிறுத்திட்டேன். சாமி முன்னால சொன்னதாச்சே. ரெண்டு மூணு வருசம் எல்லாம் கோணலாப் போச்சு, ஆவாதுன்னு சொல்ல ஆளே இல்ல. அப்பறம் நானே எனக்குச் சொல்லிக்கக் கத்துகினேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷமும் அந்த வேலை ஒருநாளும் நிற்கவில்லை. இந்த வீட்டில் சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்தபோதெல்லாம் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"ஒரே ஒரு நாள் மட்டும் அவர வரச் சொன்னேன்" என்றாள் பிறகு. "உங்கப்பனுக்காக."

அப்பா ரிட்டயர் ஆன பிறகு பஸ் ஏறி அடிக்கடி சூளகிரிக்குப் போவார். கூட்டாளிகளைப் பார்க்க என்று எங்களிடம் சொல்வார். அங்கே கட்டடம் நடக்கிற இடமெல்லாம் போய் அந்த மேஸ்திரியைப் பற்றி விசாரித்திருக்கிறார். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாள் அங்கிருந்து நேராகப் பர்கூருக்கே வந்துவிட்டாராம்.

"சாப்பிடச் சொன்னா ஒக்காரல. நின்னுகினே அழுவுது. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சிட்டேம்மா, அந்தப் பாவம் என்னை விடலன்னுச்சு. ராவும் பகலும் அதே நெனப்பாம். மிஷின்ல நிக்கறப்பவும் அதே நெனப்பாம். எத்தன வருசம் பாரு."

"நீ நெஜத்தச் சொல்லலியா அத்தை?"

"சொன்னேன். மேஸ்திரின்னு யாருமே இல்லண்ணா, தெரு போட்டுகினு இருந்தேன்னு மறுபடியும் சொன்னேன். எம்மனசு நோவக் கூடாதுன்னு இப்பவும் பொய் சொல்றியேன்னு இன்னும் அதிகமா அழுவுது. நான் என்னாடி பண்ணுவேன்?"

"என்ன பண்ணே?"

"மேஸ்திரி அப்பறம் ஒரு வாட்டி வந்தாருண்ணா, கொழந்த குட்டியோட நல்லா இருக்காரு, உங்கண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்லிட்டுப் போனாருன்னேன். எந்த ஊருன்னுச்சு, மீச நரைச்சிடுச்சான்னுச்சு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். அத எல்லாம் நம்புச்சு. அப்பறம்தான் உங்கப்பன் கை கழுவிகினு வந்து சாப்பிட ஒக்காந்துச்சு."